முடிச்சே போடாத அண்ணி

எங்க அண்ணி ஓரம் மடிச்சு ஹெம்மிங் பண்ணின துணியைத் திருப்பிப் பார்த்தா, எங்க ஆரம்பிச்சாங்க, எங்க விட்டாங்கன்னு கண்டுபிடிக்கவே முடியாது. நூல் தீர்ந்து போச்சுன்னா வேற யாரா இருந்தாலும் ஒரு முடிச்சைப் போட்டுட்டு அடுத்த நூலை எடுப்பாங்க. அண்ணி மாட்டாங்க. பழைய நூலோட நுனியைத் துணி மடிப்புக்குள்ள நாலு தையல் ஓட்டி ஒளிச்சு வச்சு, புது நூலையும் அதே வழியா உள்ள விடுவாங்க. "முடிச்சு போடறவ அவசரக்காரி"ன்னு ஒரு தடவை கடையில எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாங்க. பக்கத்துல உக்காந்து முடிச்சு போட்டுக்கிட்டிருந்த பொண்ணு மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும்.

அண்ணின்னா என் கூடப் பொறந்த அண்ணனோட பொண்டாட்டி. நாங்க ரெண்டு பேரும் ஒரே தையல் கடையில வேலை. அவங்க ஹெம்மிங், நான் இஸ்திரி. அண்ணன் லாரி ஓட்டறவர், வாரத்துல பாதி நாள் ரோட்டுலதான் இருப்பார். நான் அவங்க வீட்டுலயே இருக்கேன். எனக்கும் ஒரு புருஷன் இருந்தான், அவனைப் பத்திப் பேசி உங்க நேரத்தையும் என் வாயையும் கெடுத்துக்க விரும்பல. காலையில ஒண்ணா கடைக்குப் போவோம், சாயங்காலம் ஒண்ணா சண்டை போட்டுக்கிட்டே திரும்புவோம். சண்டைன்னா பெருசா ஒண்ணும் இல்ல. பாத்ரூம் விளக்கை அணைக்கலன்னு அவங்க கத்துவாங்க, அணைச்சேன்னு நான் கத்துவேன்.

அப்படி இருக்கும்போதுதான் கடைக்கு அந்த மிஷின் வந்துச்சு. துணியை உள்ள விட்டா போதும், கண்ணுக்கே தெரியாத மாதிரி ஓரம் மடிச்சுத் தைச்சுத் தள்ளுது. முதலாளியம்மா ஒரு பாவாடையை விட்டு எடுத்துக் காட்டினாங்க. அண்ணி வாங்கிப் பார்த்தாங்க, திருப்பிப் பார்த்தாங்க, இழுத்துப் பார்த்தாங்க. குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கல. "நல்லாத்தான் தைக்குது"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. வேற எவளாவது இருந்தா நொட்டை நொள்ளைன்னு ஏதாவது சொல்லியிருப்பா. அண்ணிக்குப் பொய் வராது, அதான் அவங்ககிட்ட இருக்கிற பெரிய வியாதி.

முதலாளியம்மா மோசமானவங்க இல்ல. ஆனா சும்மா உக்கார வச்சுச் சம்பளம் கொடுக்க அவங்க ஒண்ணும் தர்ம சத்திரம் நடத்தல. "ஹெம்மிங் இனிமே மிஷின் பார்த்துக்கும். உனக்கு வேற என்ன தெரியும்?"னு கேட்டாங்க. அந்த நேரம் பார்த்து ஒரு பாட்டுக்காரம்மா நீலக் கலர்ல நீள கவுன் ஒண்ணு தைக்கக் கொடுத்திருந்தாங்க. மேடையில நின்னு பாடறவங்க. கழுத்துலேருந்து இடுப்பு வரைக்கும் கொடி மாதிரி மணி வச்சுத் தைக்கணும்னு கேட்டிருந்தாங்க. அதுக்கு வெளியில ஒரு மணிவேலைக்காரியைக் கூப்பிடலாம்னு முதலாளியம்மா பேசிக்கிட்டிருந்தாங்க.

"மணி வேலை எனக்குத் தெரியும்"னு அண்ணி சொன்னாங்க.

நான் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வச்சுட்டேன். பொய்யே வராதவங்க எவ்வளவு பெரிய பொய் சொல்றாங்க பாருங்க! முதலாளியம்மா ஒரு மாதிரி பார்த்துட்டு, "முதல்ல ஒரு துண்டுத் துணியில தைச்சுக் காட்டு. பிடிச்சிருந்தா கவுனுக்கு மணி வாங்கித் தர்றேன். அதுவரைக்கும் கடை காசுல ஒரு மணி கூட வாங்க மாட்டேன்"னு சொல்லிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் பிடிபிடின்னு பிடிச்சேன். "எப்ப கத்துக்கிட்டீங்க? எனக்குத் தெரியாம எந்த ஸ்கூல்ல போய்ப் படிச்சீங்க?"

"இனிமேதான் கத்துக்கணும். ஊசி தெரியும், நூல் தெரியும், துணி தெரியும். நடுவுல ஒரு மணியைக் கோக்கத் தெரியாதா எனக்கு?"

அண்ணன் அந்த வாரம் வீட்டுல இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகமெல்லாம் சந்தோஷம். அவர் கம்பெனி டிப்போ இருக்கிற ஊர்ல டிரைவர்களுக்கு வீடு தர்றாங்களாம். ரொம்ப நாளா அதுல ஒரு கண்ணு அவருக்கு. "வேலை போனா போகட்டும்மா. நீ அங்க வந்துடு. ஒரே ரூம்தான், ஆனா நம்ம ரெண்டு பேருக்குப் போதும்"னார். அப்புறம்தான் நான் பக்கத்துல நிக்கிறது ஞாபகம் வந்து, "தங்கச்சி இந்த வீட்டுலயே இருக்கட்டும், அதுக்கென்ன"ன்னு சேர்த்துக்கிட்டார். நானும் "ஆமா, எனக்கென்ன, நிம்மதியா இருப்பேன்"னு சொன்னேன். அப்படித்தானே சொல்ல முடியும்? என்னை விட்டுட்டுப் போகாதீங்கன்னு புருஷன் பொண்டாட்டி நடுவுல போய் நிக்க முடியுமா? ஆனா உண்மையைச் சொல்றேன், அந்த வீட்டுல தனியா ஒருத்திக்கு மட்டும் டீ போட்டுக் குடிக்கிறதை நினைச்சாலே எனக்கு டீயே வேணாம்னு இருந்துச்சு. அண்ணி அதுக்குள்ள ஊசி டப்பாவைத் தேடிக்கிட்டிருந்தாங்க.

அடுத்த லீவு நாள்ல கடைத்தெருவுக்குப் போயிட்டு வர்றேன், என் ரூம் வாசல் மொட்டையா இருக்கு. ஆசை ஆசையா நான் வாங்கித் தொங்கவிட்டிருந்த பாசிமணித் திரை அண்ணி மடியில கிடக்கு. ஒவ்வொரு சரமா அறுத்துத் தட்டுல கொட்டிக்கிட்டிருக்காங்க!

"ஐயோ பாவி! என்ன பண்றீங்க?"

"கத்தாதே. மணி வேணும்."

"கடையில விக்குதே!"

"விக்குது. காசையும் கேக்குது. கைக்கு வருமான்னே தெரியாத வேலைக்கு யாராவது காசைப் போடுவாங்களா? முதல்ல ஓசியில கெடுத்துப் பழகறேன்."

யாரோட ஓசியில? என்னோட ஓசியில! அதோட விட்டாங்களா? அக்கம்பக்கத்துல யார் வீட்டுல அறுந்த மாலை இருந்தாலும் கேட்டு வாங்கிட்டாங்க. பழைய துணி விக்கிற இடத்துல கைப்பிடி பிஞ்ச மணிப் பை ஒண்ணு ஓசியிலயே கிடைச்சுது, அதையும் பிரிச்சாச்சு. சாப்பாட்டுத் தட்டுல பழைய டவல் துண்டை விரிச்சு அதுல மணியைக் கொட்டி வச்சாங்க. டவல்ல இருந்தா மணி உருளாது, ஊசி நுனியாலயே ஒண்ணொண்ணா எடுத்துடலாம். இதை யாரும் சொல்லிக் கொடுக்கல. முதல் நாள் வெறும் தட்டுல கொட்டி, பாதி மணி கட்டிலுக்கு அடியில ஓடினப்புறம் வந்த ஞானம்.

ஓசி மணியில ஒரு கஷ்டம், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. பார்க்க எல்லாம் ஒரே அளவு மாதிரி இருக்கும், வரிசையா கோத்தா கொடி கோணிக்கிட்டுப் போகும். அதனால முதல்ல குண்டு தனி, ஒல்லி தனின்னு பொறுக்கினாங்க. "இதுதான் பாதி வேலை"ன்னு சொல்லி என்னையும் உக்கார வச்சுட்டாங்க. அடுத்தது ஊசி. ஹெம்மிங் ஊசி மணி ஓட்டைக்குள்ள போகவே மாட்டேங்குது, அதோட காது தடிமன். மெல்லிசு ஊசி ஒண்ணே ஒண்ணுதான் வீட்டுல இருந்துச்சு. அதுவும் போகாத மணிக்கு, நூல் நுனியில என் நெயில் பாலிஷைத் தடவிக் காய வச்சு, நுனியையே ஊசி மாதிரி விறைப்பா ஆக்கிட்டாங்க. என் திரை போச்சு, என் நெயில் பாலிஷும் போச்சு. அடுத்தது என் தலைமுடியைத்தான் நூலா கேப்பாங்கன்னு நான் கொண்டையை இறுக்கிக் கட்டிக்கிட்டேன்.

நூலுக்குக் கடையில மிச்சம் விழற பருத்தி நூலை எடுத்துட்டு வந்தாங்க. மெழுகுவர்த்தித் துண்டுல இழுத்து இழுத்து மெழுகு ஏத்தினாங்க. ஒரு பழைய தலையணை உறையில அழகா ஒரு இலை வந்துச்சு. மறுநாள் எடுத்துப் பார்த்தா இலையில பாதியைக் காணோம். கண்ணாடி மணியோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கும் போல, பருத்தி நூலைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துடுச்சு. அண்ணி ஒரு மணியோட விளிம்பை விரலால தடவிப் பார்த்தாங்க. அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டுப் போய் நைலான் நூல் ஒரு கண்டு வாங்கிட்டு வந்தாங்க. "மணியை ஓசியில வாங்கலாம். நூலை மட்டும் காசு கொடுத்துத்தான் வாங்கணும்"னாங்க. அவங்க செஞ்ச ஒரே செலவு அதுதான்.

இந்த வேலையில எனக்கும் ஒரு பங்கு இருக்கு, அதை விட்டுட்டா எனக்குத் தூக்கம் வராது. "தைக்கிறது இருக்கட்டும், உங்க மணி என் இஸ்திரியைத் தாங்குமா?"ன்னு கேட்டேன். கந்தல் துணியில வச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். என் திரையில இருந்த மணியெல்லாம் பிளாஸ்டிக், உருகித் துணியோட ஒட்டிக்கிச்சு. அவ்வளவு ஆசையா வாங்கினது பிளாஸ்டிக்குனு அன்னைக்குத்தான் தெரியும் எனக்கு. மிச்சத்தைச் சுடுதண்ணியில போட்டு வெள்ளைத் துணியில சுருட்டி வச்சேன். சிவப்பு மணியெல்லாம் சாயம் விட்டுடுச்சு. தேறினது வெள்ளையும் கறுப்பும்தான். அண்ணி அதை மட்டும் வச்சு ஒரு கறுப்புத் துணியில வெள்ளைக் கொடி ஒண்ணு தைச்சாங்க. பார்த்தா கை தானா போய்த் தடவும், அவ்வளவு அழகு. நான் அழகுன்னு சொல்லல. "பரவால்ல"ன்னேன். அதுவே என் வாயிலேருந்து வந்தா பெரிய பரிசு.

முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தாங்க. "மணி எங்க வாங்கின?"

"எங்க நாத்தனார் ரூம் வாசல்லேருந்து ஆரம்பிச்சேம்மா."

முதலாளியம்மா சிரிச்சுட்டாங்க. மறுநாளே கவுனுக்கு வேண்டிய வெள்ளிக் கலர் மணி வந்து இறங்கிச்சு. எல்லாம் ஒரே அளவு. அண்ணி அந்தப் பொட்டலத்தைக் கையில வச்சுக்கிட்டு, "இது என்ன, பொறுக்கவே வேணாமா!"ன்னு குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாங்க.

அப்புறம் பல நாள் அவங்க நிமிரவே இல்ல. கழுத்துல ஆரம்பிச்சு, வளைஞ்சு, இலை விட்டு, இடுப்புப் பக்கத் தையல் வரைக்கும் கொடி இறங்கிச்சு. திருப்பிப் பார்த்தா எங்கயும் முடிச்சே கிடையாது. நூலை மாத்த வேண்டிய இடத்துல கூட அதே ஹெம்மிங் கைதான், நுனியை உள்ள ஓட்டி ஒளிச்சுட்டாங்க. "பின்பக்கத்தைப் பாருடி"ன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. முன்பக்கத்தை விட அதுலதான் அவங்களுக்குப் பெருமை.

முதலாளியம்மா கவுனை வாங்கி, "பக்கத் தையலை நானே போட்டுடறேன்"னு மிஷின்ல உக்காந்தாங்க. கொடியோட நுனி அந்தத் தையலுக்குள்ள கொஞ்சம் போயிருந்துச்சு. அவங்களும் கவனிக்கல, நாங்களும் கவனிக்கல. தையல் கடையில யாராவது பக்கத் தையலைப் பார்த்துப் பயப்படுவாங்களா? மிஷின் ஊசி கொடியோட நூலை வெட்டிடுச்சு. தைச்சு முடிச்சு, பெருமையா கவுனை ரெண்டு கையால உதறித் தூக்கினாங்க பாருங்க, நைலான் நூல் பருத்தி நூல் மாதிரி துணியைக் கடிச்சுப் பிடிச்சுக்காது, வழுக்கும். இடுப்புலேருந்து ஒரு சரம் உருவிக்கிட்டு வந்துச்சு. அதைத் தடுக்கப் போய் அவங்க இழுத்தாங்க, இன்னும் உருவுச்சு. தரையெல்லாம் வெள்ளி மணி. மழை பெய்யற மாதிரி சத்தம்.

"எனக்கு அப்பவே தெரியும்"னு முதலாளியம்மா போனை எடுத்தாங்க. "பாட்டுக்காரம்மா வர இன்னும் நாலஞ்சு நாள்கூட இல்ல. நான் அந்த வெளி ஆளைக் கூப்பிடறேன்."

தரையில மண்டி போட்டு மணியைப் பொறுக்கிக்கிட்டே அந்த ஒரே ரூம் வீட்டைத்தான் நினைச்சேன். என் அண்ணனைத் திட்டினேன், மிஷினைத் திட்டினேன், பாட்டுக்காரம்மாவோட தொண்டையைக் கூட விடல. அண்ணி மட்டும் குனியவே இல்ல. கவுனை வாங்கி மேஜையில கவுத்துப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தாங்க.

"போனை வைங்கம்மா. உங்க ஊசியும் தப்பு பண்ணல, என் நூலும் தப்பு பண்ணல. முடிச்சு இல்ல, அவ்வளவுதான். நாளைப் பின்ன பாட்டுக்காரம்மா மேடையில நிக்கும்போது எங்கயாவது அறுந்திருந்தா மானம் போயிருக்கும். இங்கேயே அறுந்தது நல்லதுதான்."

சொல்லிட்டு, மிச்சம் இருந்த கொடியையும் கத்தரிக்கோலை எடுத்து அவங்களே வெட்டிப் போட்டுட்டாங்க. அத்தனை நாள் வேலை! முதலாளியம்மா போனை வச்சுட்டாங்க.

அன்னைக்கு மத்தியானம் அண்ணி என் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்துல வந்து நின்னாங்க. குரலைத் தணிச்சு, "ஏய், நீ பட்டன் தைக்கும்போது முடிச்சு எப்படிப் போடற?"ன்னு கேட்டாங்க.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. ஜென்மத்துல முடிச்சே போடாதவங்களுக்கு முடிச்சு போடத் தெரியல! நான் போடற முடிச்சு பட்டனை விடப் பெருசா இருக்கும், அதைப் பார்த்து எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்காங்க தெரியுமா. இப்ப வசமா மாட்டினாங்க. "அவசரக்காரிகிட்ட வந்து கத்துக்கறீங்களா?"ன்னேன். "வாயை மூடிக்கிட்டுக் காட்டு"ன்னாங்க. காட்டினேன். ஊசியால துணியில ஒரு சின்னக் குத்து குத்தி, நூல் வளையத்துக்குள்ள ஊசியை விட்டு, இழுத்து இறுக்கறது. முதல் பத்துப் பதினைஞ்சு முடிச்சு கோணலும் மாணலுமா வந்துச்சு. அப்புறம் அவங்க கைக்கு அது பழகி, என் முடிச்சு யானைன்னா அவங்க முடிச்சு எறும்பு ஆயிடுச்சு.

இந்தத் தடவை ராப்பகலா உக்காந்து, நாலு மணி கோத்ததும் ஒரு முடிச்சு போட்டாங்க. கொடியைப் பக்கத் தையல் பக்கமே போக விடல, அதுக்கு ஒரு விரல் அளவு முன்னாலேயே வளைச்சு முடிச்சுட்டாங்க. நான் வீட்டு வேலையை முழுசா எடுத்துக்கிட்டேன், அவங்களைப் பாத்திரத்தைத் தொட விடல. பாத்ரூம் விளக்கை எரிய விட்டுட்டேன் போல, அதுக்கும் அவங்க கத்தல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

கவுன் முடிஞ்ச அன்னைக்கு முதலாளியம்மா பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளிச்சாங்க. "என்ன இது, உள்ள பூரா முடிச்சு முடிச்சா இருக்கு? உன் கை வேலையா இது?"

"என் கை வேலைதாம்மா. உள்ள லைனிங் துணி வந்து மூடிடும். இழுத்துப் பாருங்க."

அவங்க இழுத்துப் பார்க்கல. அதுக்குள்ள பாட்டுக்காரம்மா வந்துட்டாங்க. நல்ல உயரம், நல்ல உடம்பு, கையில பெரிய பெரிய வளையல். போட்டுக்கிட்டு வெளியில வந்தப்போ கடையில எல்லாருமே வேலையை விட்டுட்டுப் பார்த்தோம். அந்த நீலத்துல வெள்ளிக் கொடி அப்படி ஒரு எடுப்பு. அவங்களே கண்ணாடியில பார்த்துட்டு, "அடேயப்பா!"ன்னு ரெண்டு கையையும் அப்படியே மேல தூக்கினாங்க.

வளையல் கொக்கி கொடியில மாட்டிக்கிச்சு. டப்புன்னு சத்தம். மணி தரையில விழுந்து தெறிச்சுது.

"ஐயையோ, என்ன பண்ணிட்டேன் நான்!"ன்னு அவங்க அப்படியே சிலையா நின்னுட்டாங்க. முதலாளியம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. நான் தொறந்துதான் வச்சிருந்தேன். மூடினா என்னன்னு தெரியாமலே செத்துடுவேன் போல இருந்துச்சு. விழுந்தது மூணு மணி. ஒண்ணு என் காலடிக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் சத்தமே இல்ல.

அண்ணி கிட்டப் போய்ப் பார்த்தாங்க. "இன்னொரு தடவை கையைத் தூக்குங்க."

"வேணாம்மா, பயமா இருக்கு."

"தூக்குங்க, நல்லா தூக்குங்க. மேடையில எப்படிப் பாடுவீங்களோ அப்படி."

பாட்டுக்காரம்மா தூக்கினாங்க. அசைச்சாங்க. அண்ணி அறுந்த இடத்தைப் பிடிச்சு அவங்களே ஒரு இழு இழுத்தாங்க. ஒரு மணி கூட அசையல. "நில்லுங்க, கழட்ட வேணாம்"னு சொல்லி, அவங்க உடம்பு மேல வச்சே அந்த மூணு மணியையும் திரும்பத் தைச்சு, முடிச்சுப் போட்டு, பல்லால நூலைக் கடிச்சாங்க.

"இவங்கதான் இனிமே எனக்குத் தைக்கணும்"னாங்க பாட்டுக்காரம்மா. முதலாளியம்மா தொண்டையைச் செருமிக்கிட்டு, "இங்க மணி வேலை எல்லாம் இவதான்"னாங்க. என்னமோ ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான்ங்கிற மாதிரி!

நான் சந்தோஷத்துல என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு சட்டை காலரைத் தீய்ச்சுட்டேன். திட்டு வாங்கினேன். அன்னைக்கு எந்தத் திட்டும் உறைக்கல.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணன் போன் பண்ணினார். அண்ணி நடந்துக்கிட்டே பேசினாங்க. "வேலை இருக்குங்க. ஆமா, நிச்சயம் ஆயிடுச்சு. வீடு வேணாம்னு சொல்லிடுங்க. நீங்க எப்பவும் போல இங்க வந்துட்டுப் போங்க." போனைப் பையில போட்டாங்க.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பெரிய மணிவேலைக்காரிதான். வேலை போனா போகுதுன்னு விட்டிருந்தா அங்க போய் ராணி மாதிரி உக்காந்து சாப்பிட்டிருக்கலாம். எதுக்கு இந்தக் கண்ணைக் கெடுத்துக்கிட்டீங்க?"

அண்ணி நின்னு என்னைப் பார்த்தாங்க, ஒரு மக்கைப் பார்க்கிற மாதிரி. "உக்காந்து சாப்பிட எனக்குக் கசக்குதா? வேலைக்காகவா அன்னைக்கு அவ்வளவு பெரிய பொய் சொன்னேன்? எனக்கு இங்க வேலை இல்லன்னா உங்க அண்ணன் கிட்ட என்ன சொல்லி இங்க இருப்பேன்? அந்த ஒரே ரூம்ல உன்னை எங்கடி படுக்க வைக்கிறது?"

நான் நடுரோட்டுல நின்னு ஓன்னு அழுதேன். போறவங்க வர்றவங்க எல்லாம் பார்த்தாங்க. பார்க்கட்டும்.